யேமன் பச்சோந்திக்குக் கூண்டு அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பச்சோந்தி வளர்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "கூண்டு தயாரா?" என்றுதான். "வாங்கிட்டு வந்தப்புறம் பார்த்துக்கலாம்" என்றே பலரும் சொல்கிறார்கள். நாய்க்குட்டிக்கு அது சரிப்பட்டு வரும், ஏனென்றால் வீடே அதற்கு இடம். பச்சோந்திக்கு அப்படி இல்லை. அதன் வெயில், மழை, பனி, இரவு எல்லாமே அந்தக் கூண்டுக்குள் நாம் வைப்பதுதான். எலும்பு வளைந்துபோவது, சிறுநீரகம் கெடுவது, நுரையீரல் தொற்று, முதுகில் தீக்காயம் என வீட்டில் வளரும் பச்சோந்திகளுக்கு வருகிற பெரிய தொல்லைகள் பலவும் கூண்டிலிருந்தே தொடங்குகின்றன. அதனால் முதலில் கூண்டைக் கட்டி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, அளவுகள் சரியாக நிற்கின்றன என்று தெரிந்த பிறகே பச்சோந்தியைக் கொண்டு வர வேண்டும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது யேமன் பச்சோந்தி. கடைகளில் 'வெயில்டு கமீலியன்' என்று விற்பார்கள். யேமனும் சவூதியின் தென்மேற்கு மலைப்பகுதியும் இதன் சொந்த ஊர். தலையில் மீன் துடுப்பு போல உயர்ந்த கொண்டை இருக்கும். ஆண் வால் நுனிவரை 45 முதல் 60 செ.மீ. வரை வளரும், பெண் அதைவிடச் சிறியது. முதன்முதலாகப் பச்சோந்தி வளர்ப்பவருக்கு இதுதான் ஓரளவு தாக்குப்பிடிக்கும் இனம். மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லாப் படிகளுக்கும் பின்னால் இருக்கும் விஷயம் ஒன்றுதான். கூண்டு முழுக்க ஒரே சூடு, ஒரே வெளிச்சம், ஒரே ஈரம் இருக்கக் கூடாது. மேலே வெயில், கீழே குளிர்ச்சி, ஒரு பக்கம் திறந்த கிளை, இன்னொரு பக்கம் இலை அடர்ந்த மறைவு. எந்த நேரத்தில் எங்கே நிற்பது என்பதை அதுவே முடிவு செய்ய வேண்டும். அந்தத் தேர்வுகளை வைத்துக் கொடுப்பதே நம் வேலை.

முதலில் சட்டம்

நம் ஊர்க் காடுகளிலும் வேலிகளிலும் தென்படுகிற இந்தியப் பச்சோந்தியைப் பிடித்து வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. "தோட்டத்துல கிடைச்சுது, வளர்க்கலாமா?" என்றால், கூடாது. எடுத்த இடத்திலேயே ஒரு செடியில் விட்டுவிடுங்கள்.

யேமன் பச்சோந்தி வெளிநாட்டு இனம் என்றாலும் அதற்கும் கட்டுப்பாடு உண்டு. அது சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, இந்தியாவில் அந்தப் பட்டியலில் உள்ள விலங்கை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பிறப்பிடம் காட்டும் காகிதம் இல்லாமல் யாராவது விற்றால் வாங்காதீர்கள். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டில் வளர்க்கவே அனுமதி இல்லை. கனடா, பிரிட்டன், ஐரோப்பிய நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் மாகாண, நகர விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நாடாக இருந்தாலும் கூண்டில் பிறந்த குஞ்சையே வாங்க வேண்டும். காட்டில் பிடித்தது ஒட்டுண்ணிகளோடும் பயத்தோடும்தான் வந்து சேரும்.

படி 1: கூண்டின் அளவும் வகையும்

வளர்ந்த ஒரு பச்சோந்திக்குக் குறைந்தது 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம் வேண்டும். கடைக்காரர் '2 அடிக்கு 2 அடி, 4 அடி உயரம்' என்பார். இதைவிடப் பெரிதாக வைக்க இடம் இருந்தால் வையுங்கள். குஞ்சுக்கு என்று தனியாகச் சின்னக் கூண்டு வாங்கினால், சில மாதங்களில் இன்னொன்று வாங்க வேண்டி வரும். செடிகள் நிறைந்து, இரை எளிதில் கண்ணில் படும்படி இருந்தால் மூன்று மாதக் குஞ்சும் பெரிய கூண்டில் நன்றாகவே வாழும்.

உயரம்தான் முக்கியம். இது மரத்தில் வாழ்கிற உயிர். தரையில் நீளமாகக் கிடக்கும் கண்ணாடி மீன்தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதற்கு ஆகாது.

வலையா, கண்ணாடியா என்ற கேள்விக்கு உங்கள் வீட்டுக் காற்றுதான் பதில் சொல்ல வேண்டும். நான்கு பக்கமும் அலுமினிய வலை அடித்த கூண்டில் காற்று தாராளமாக ஓடும், ஈரம் சீக்கிரம் காயும். காற்றில் ஈரம் இருக்கிற ஊருக்கு அது பொருத்தம். டொராண்டோ, ஒஸ்லோ போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு கிடக்கும். அங்கே முழு வலைக் கூண்டில் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் நிற்காது. அப்படிப்பட்ட இடத்துக்குக் கலப்புக் கூண்டு நல்லது. பின்புறமும் இரு பக்கங்களும் பிவிசி பலகை அல்லது கண்ணாடி, மேற்கூரை வலை, முன்பக்கக் கதவுக்குக் கீழே ஒரு வலைப்பட்டை. கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, விளக்குச் சூட்டில் மேலே ஏறி, கூரை வழியே வெளியேறும். இந்த ஓட்டம் இல்லாமல் அடைத்த கூண்டில் ஈரமும் சூடும் தேங்கி, நுரையீரல் தொற்றுக்கு வழி செய்யும். ஏற்கெனவே வலைக் கூண்டு வாங்கிவிட்டவர்கள் மூன்று பக்கமும் தெளிந்த பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வலை வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள். பச்சோந்தி வலையில் ஏறும், நகம் மாட்டினால் பிய்ந்துபோகும். பூச்சு இல்லாத துத்தநாகக் கம்பி வலை வேண்டாம்.

ஒரு கூண்டில் ஒன்றுதான். ஆணும் ஆணும் மட்டுமல்ல, ஆணும் பெண்ணும், கூடப் பிறந்தவையும் சேர்ந்து இருக்கக் கூடாது. சண்டை போடாமல் இருப்பதால் ஒத்துப்போகின்றன என்று நினைக்க வேண்டாம். அடங்கிப்போனது சாப்பிடாமல் மெலிந்துகொண்டே போகும். இரண்டு கூண்டுகள் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் மறைப்பு வையுங்கள்.

படி 2: வீட்டில் எங்கே வைப்பது

பச்சோந்திக்கு ஆபத்து மேலிருந்து வருகிறது. காட்டில் அதைத் தூக்கிப்போவது பறவை. அதனால் நாம் குனிந்து அதைப் பார்த்தால், மேலே ஏதோ கவிகிறது என்றுதான் அதற்குப் படும். கூண்டைத் தரையில் வைக்காமல் 60 முதல் 90 செ.மீ. உயர மேசை அல்லது ஸ்டாண்டின் மேல் வையுங்கள். மேல்கிளை நம் கண்ணுக்கு மேலே வர வேண்டும். இதை மட்டும் சரிசெய்தாலே சீறிக்கொண்டிருக்கும் பச்சோந்திகள் அமைதியாவதைப் பார்க்கலாம்.

ஆள் நடமாட்டம் அதிகமான வழி, டிவி எதிரே, ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடம், சமையலறைப் புகை வரும் இடம் எதுவும் வேண்டாம். ஒரு மூலை நல்லது, இரண்டு பக்கம் சுவர் காக்கும். ஜன்னல் அருகே வைத்தால் 'வெயில் கிடைக்கும்' என்று நினைக்கிறவர்கள் உண்டு. இதற்குத் தேவையான புற ஊதா பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும், சூடு மட்டும்தான் உள்ளே வரும். கண்ணாடிக் கூண்டில் நேர்வெயில் விழுந்தால் சிறிது நேரத்தில் அது அடுப்பாகிவிடும்.

படி 3: தண்ணீர் வெளியேறும் வழி

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தள்ளிப்போடுகிறார்கள். விளக்கு, செடி எல்லாம் பொருத்திய பிறகு அடியில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்தால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். அதனால் காலிக் கூண்டாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கூண்டின் அடிப்பலகை பெரும்பாலும் ஒரு தட்டையான பிவிசி தகடு. அதில் சில துளைகள் போட்டு, கீழே ஒரு அகலமான தட்டு அல்லது பிளாஸ்டிக் தொட்டி வைத்தால் போதும். ஸ்டாண்டிலேயே ஒரு பக்கம் சற்றுச் சாய்வாக இருக்கும்படி செய்து, ஒரே துளையிலிருந்து வாளிக்குக் குழாய் விட்டால் இன்னும் சுத்தம். துளை வழியாக இரைப்பூச்சிகள் ஓடாமல் இருக்க ஒரு வலைத்துண்டு ஒட்டுங்கள்.

அடியில் தேங்காய்நார், மரத்தூள், சரளைக்கல் எதுவும் கொட்ட வேண்டாம். நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிக்கும்போது அதையும் சேர்த்து விழுங்கும். வெறும் தகடு அழகாக இருக்காது, ஆனால் துடைத்தால் போய்விடும், எச்சத்தின் நிறமும் தெரியும். மண்ணும் இலைச்சருகும் போட்டு அதில் சிறு பூச்சிகளை விட்டுச் சுத்தம் செய்ய வைக்கும் உயிர்த்தரை முறை நன்றாகவே வேலை செய்யும், ஆனால் முதல் வருடத்தில் அதில் இறங்க வேண்டாம்.

படி 4: கிளைகள்

பச்சோந்தியின் பாதம் இடுக்கி மாதிரி இரண்டாகப் பிரிந்தது. கிளையைச் சுற்றிப் பிடிக்கத்தான் அது படைக்கப்பட்டிருக்கிறது. கூண்டின் நடுவில் அந்தரத்தில் கிளைகள் இல்லையென்றால் வலைச்சுவரிலேயே தொங்கும், நகம் கெடும்.

நான் பின்பற்றும் முறை இது. முதலில் மேல் மூன்றில் ஒரு பங்கில், இடமிருந்து வலமாகக் கிடைமட்டமாக ஒரு முக்கியக் கிளை. இதுதான் வெயில் காயும் கிளை. அடுத்து, அதற்கு 20 செ.மீ. கீழே இன்னொரு திசையில் ஒன்று. அப்புறம் இரண்டையும் இணைக்கும் சாய்ந்த கிளைகள், கீழ்ப்பகுதிக்கு இறங்கிப்போக ஒரு பாதை. விரல் தடிமனிலிருந்து இரண்டு விரல் தடிமன்வரை கலந்து போடுங்கள். ஒரே தடிமன் கோல்களாகவே வைத்தால் பாதத்தின் ஒரே இடம் எப்போதும் அழுந்தும்.

கொய்யா, செம்பருத்தி, மா, புளி, ஓக், மேப்பிள், ஆப்பிள் மரக் கிளைகள் நல்லவை. பிசின் வடியும் பைன் வேண்டாம், அரளி கிட்டவே வரக் கூடாது. பூச்சிமருந்து அடித்த மரமா என்று விசாரித்து வெட்டுங்கள். வெந்நீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பொருத்துங்கள். கட்டுவதற்குக் கேபிள் டை போதும், ஆனால் வலையில் அல்ல, கூண்டின் சட்டத்தில் கட்ட வேண்டும். வலை ஒரு தொட்டிச்செடியின் எடையைக்கூடத் தாங்காது. செடியைக் கூண்டின் பாதி உயரத்தில் தொங்கவிட விரும்பினால், இரு சட்டங்களுக்கும் இடையே ஒரு குறுக்குப் பட்டை பொருத்தி அதில் தொங்கவிடுங்கள். 'டிராகன் லெட்ஜஸ்' என்ற பெயரில் இதற்கென்றே பட்டைகள் விற்கின்றன. பலமான ஒரு மூங்கில் குச்சியும் அதே வேலையைச் செய்யும்.

கட்டி முடித்ததும் ஒவ்வொரு கிளையையும் கையால் அழுத்திப் பாருங்கள். ஆடினால், சுழன்றால் மறுபடி கட்டுங்கள்.

படி 5: செடிகள்

யேமன் பச்சோந்திக்கு ஒரு தனிப்பழக்கம் உண்டு, அது இலை தின்னும். பல பச்சோந்தி இனங்கள் பூச்சியோடு நிறுத்திக்கொள்ளும். இது செம்பருத்தி இலையை ஓரத்திலிருந்து கடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டித் துண்டைப் பிய்த்து, நிதானமாக மென்று விழுங்கும். அதனால் பிளாஸ்டிக் செடி வேண்டவே வேண்டாம். அதையும் இதே மாதிரி கடிக்கும், குடலில் அடைத்துக்கொள்ளும்.

செம்பருத்தி எனக்கு முதல் தேர்வு. இலையும் பூவும் தின்னலாம், கிளை உறுதியாக இருக்கும், நல்ல வெளிச்சம் கொடுத்தால் கூண்டுக்குள்ளேயே தழைக்கும். மணி பிளான்ட் கொடியை மேலிருந்து தொங்கவிட்டால் திரைபோல மறைவு கிடைக்கும், எத்தனை முறை நனைந்தாலும் அழுகாது, அவ்வப்போது கடிப்பதால் பிரச்சினை வருவதில்லை. ஃபிகஸ் பெஞ்சமினா, குடை போல இலை விரியும் ஷெஃப்லெரா, அரிக்கா பாம் எல்லாம் வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறவை. அரளி, ஊமத்தை, குரோட்டன்ஸ், டைஃபன்பேக்கியா நச்சுள்ளவை, கூண்டுக்கு உதவாது.

நர்சரியிலிருந்து வந்த செடியை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். அதில் பூச்சிமருந்து இருக்கலாம், தொட்டி மண்ணில் வெள்ளை உரமணிகளும் பெர்லைட்டும் கிடக்கும். மண்ணை உதறி, வேரைக் கழுவி, உரமில்லாத மண்ணில் மாற்றி நடுங்கள். இலையின் இரு பக்கமும் நன்றாகக் கழுவுங்கள். இரண்டு மூன்று வாரம் வெளியே வைத்துத் தண்ணீர் விட்டு, புதுத்தளிர் வந்த பிறகு கூண்டுக்குள் எடுங்கள். மண்ணின் மேல் பச்சோந்தியின் தலையைவிடப் பெரிய ஆற்றுக்கற்களை அடுக்கினால் மண் தின்னாது.

எவ்வளவு செடி? கூண்டின் பாதி இடத்துக்கு மேல் இலையாக இருக்க வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் பச்சோந்தி உடனே கண்ணில் படக் கூடாது. விருந்தினர்களுக்குக் காட்ட முடியவில்லையே என்று இதில் வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தன்னால் ஒளிந்துகொள்ள முடியும் என்று தெரிந்த பச்சோந்திதான் தைரியமாக வெளியே வந்து நிற்கும். மறைவே இல்லாத கூண்டில் இருப்பது நாள் முழுக்கக் கறுத்த நிறத்தோடு ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

படி 6: வெளிச்சமும் சூடும்

மூன்று விதமான விளக்குகள் வேண்டும். மூன்றும் கூண்டுக்கு வெளியே, கூரை வலையின் மேல்.

முதலாவது, புற ஊதா பி விளக்கு. இந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடல் வைட்டமின் டி3 தயாரிக்கும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்பில் சேரும். இது இல்லாத பச்சோந்தியின் கால் எலும்பு வில் மாதிரி வளையும், தாடை மெத்தென்று ஆகும், கிளையைப் பிடிக்க முடியாமல் கீழே விழும். சுருள் வடிவப் பல்பு வேண்டாம். அதன் கதிர் ஒரு சின்ன வட்டத்தைத் தாண்டாது. கூண்டின் அகலம் முழுக்க வருகிற டி5 உயர்திறன் டியூப், பிரதிபலிப்பானோடு வேண்டும். ஆர்கேடியா நிறுவன டியூப்பில் 6 சதவீதம், ஸூமெட் நிறுவனத்தின் ரெப்டிசனில் 5.0 என்று கேளுங்கள். 10.0, 12 சதவீதம் போன்றவை பாலைவன ஓணான்களுக்கு. இந்த உயரக் கூண்டில், கூரைவரை ஏறுகிற விலங்குக்கு அவை மிகை.

வலையின் மேல் டியூப்பை வைத்து, வெயில் காயும் கிளையை அதற்குச் சுமார் 20 முதல் 23 செ.மீ. கீழே வையுங்கள். கிளையில் நிற்கும் பச்சோந்தியின் முதுகில் புற ஊதாக் குறியீடு (கதிரின் வலிமையைச் சொல்லும் எண்) 3 என்ற அளவில் இருக்க வேண்டும். வலையின் நெருக்கம், பிரதிபலிப்பான், டியூப்பின் வயது என எல்லாமே இதை மாற்றும். சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி இதைச் சரியாகக் காட்டும். விலை அதிகம்தான், யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஒரு முறையாவது அளந்துவிடுங்கள். அளக்க வழியில்லையென்றால் டியூப்பை வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் மட்டும் குறைந்திருக்கும்.

இரண்டாவது, சூட்டு விளக்கு. சாதாரண வெள்ளை ஹாலஜன் அல்லது குண்டு பல்பு, 40 முதல் 65 வாட். ஆணுக்கு வெயில் காயும் இடத்தில் 29-30 டிகிரி செல்சியஸ், பெண்ணுக்கு 27 போதும். பெண்ணுக்கு ஏன் குறைவு என்பது கீழே வருகிறது. இந்த அளவைக் கிளையின் மேல் எடுக்காதீர்கள், பச்சோந்தி நின்றால் முதுகும் கொண்டையும் வருகிற உயரத்தில் எடுக்க வேண்டும். கிளையில் 29 காட்டும்போது கொண்டை நுனியில் அதைவிட அதிகமாக இருக்கும், தீக்காயம் அங்கேதான் விழும். உங்கள் புறங்கையை அந்த உயரத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். எரிந்தால் அதற்கும் எரியும். பல்பை வலையோடு ஒட்டி வைக்காமல் சில அங்குலம் தூக்கி வையுங்கள். இது கூரையில் தலைகீழாக நடக்கும், சுட்ட வலையில் வயிறு பட்டால் புண்ணாகும்.

சூட்டு விளக்கும் புற ஊதா டியூப்பும் ஒரே கிளையின் மேல் படும்படி வையுங்கள். கூண்டின் மற்ற இடங்கள் 22 முதல் 25 டிகிரி, அடிப்பகுதி இன்னும் குளிர்ச்சி.

மூன்றாவது, செடிகளுக்கான 6500 கெல்வின் எல்இடி விளக்கு. இதைச் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள், இரண்டு மாதத்தில் செடி மஞ்சளாகி உதிரும். மறைவும் போய்விடும். பச்சோந்தியும் பிரகாசமான பகலில்தான் சுறுசுறுப்பாக இருக்கும்.

எல்லாம் டைமரில் போகட்டும், 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் முழு இருட்டு. சிவப்பு, நீல 'இரவு விளக்கு' எதுவும் வேண்டாம், அதன் கண்ணுக்கு அது தெரியும், தூங்காது. சூடேறும் கல், அடியில் வைக்கும் ஹீட்டர் இரண்டும் மரத்தில் வாழும் உயிருக்குப் பொருந்தாதவை.

படி 7: இரவுக் குளிரும் தண்ணீரும்

பச்சோந்திக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளிதான் அதற்குத் தண்ணீர். பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும்: ஒரு கண் துளியின்மேல் நிற்கும், தலை மெதுவாக முன்னால் போகும், வாய் விளிம்பு இலையில் படும், துளி உள்ளே சரியும். பிறகு தொண்டை அசைய அசைய நீண்ட நேரம் அதே இடத்தில் குடிக்கும். நடுவில் நாம் அசைந்தால் நிறுத்திவிடும்.

முன்பெல்லாம் பகல் முழுக்க அடிக்கடி தெளித்து, கூண்டை எப்போதும் ஈரமாக வைக்கச் சொல்வார்கள். இந்த இனத்தின் சொந்த மலைகளில் பகல் காய்ந்தும், இரவு குளிர்ந்து பனிமூட்டத்தோடும் இருக்கும். செக் நாட்டு ஊர்வன ஆய்வாளர் பீட்டர் நெச்சாஸ் போன்றவர்கள் இதை எடுத்துச் சொன்ன பிறகு, வளர்ப்பவர்கள் இரவு ஈரம், பகல் உலர்வு என்ற முறைக்கு வந்தார்கள். தூங்கும் பச்சோந்தி ஈரக்காற்றை மூச்சில் இழுப்பதால் இரவெல்லாம் நீரிழப்பு குறைகிறது, காலையில் இலைப்பனியை நக்கிக் குடிக்கிறது.

காலை 7 மணிக்கு விளக்கு எரியும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கொஞ்சம் முன்னால், இன்னும் இருட்டாக இருக்கும்போதே, இரண்டு முதல் ஐந்து நிமிடம் நுண்தூறல். இலையெல்லாம் துளி நிற்க வேண்டும். பகலில் காயட்டும், ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்கு இறங்கட்டும். மதியம் ஒரு சொட்டுக்குழாய், இலையில் சொட்டுச் சொட்டாக விழும்படி கால் மணி நேரம். அது குடிக்கிறதா என்று பார்க்கவே இது. குடிக்காமல் போனால் போதுமான நீர் இருக்கிறது என்று பொருள், வெறியோடு குடித்தால் இரவு ஈரத்தைக் கூட்ட வேண்டும். மாலை 7 மணிக்கு விளக்கு அணைந்து கூண்டு ஆறியதும் இன்னொரு தூறல். நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை ஃபாகர் (தண்ணீரைப் பனிமூட்டமாக்கும் கருவி) விட்டுவிட்டு ஓடலாம். இரவு ஈரப்பதம் 75-லிருந்து 100 சதவீதம் வரை போகலாம்.

ஆனால் ஃபாகருக்கு ஒரு நிபந்தனை. அறை 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மட்டுமே அதை ஓட்ட வேண்டும். சூடான, அசையாத காற்றில் புகை மாதிரி ஈரம் நின்றால் அது மருந்தல்ல, நோய். யேமன் பச்சோந்திக்கு இரவில் 13 முதல் 18 டிகிரி இதமானது, இருபதும் பரவாயில்லை. கனடாவில் இருப்பவருக்கு அறை ஹீட்டரை இரவில் தணித்தால் இது கிடைத்துவிடும். முறையான காகிதங்களோடு சென்னை போன்ற கடலோர ஊரில் வளர்ப்பவருக்குப் பிரச்சினையே வேறு. இரவிலும் 27-28 டிகிரி, காற்றில் ஏற்கெனவே ஈரம். அங்கே ஃபாகர் வாங்கும் பணத்தை இரவில் ஏசி ஓட்டச் செலவழியுங்கள், தூறலும் சொட்டுநீரும் போதும்.

தூறலுக்கு கை ஸ்பிரே வைத்துத் தொடங்கலாம், ஆனால் விடியற்காலையில் தினமும் எழுந்து அடிக்க யாராலும் ஆகாது. 'மிஸ்ட்கிங்' போன்ற பம்ப்பும் டைமரும் உள்ள கருவி முதல் மாதத்திலேயே அவசியம் என்று தெரியும். நாசிலைச் செடிகளின் பக்கம் திருப்புங்கள், தூங்கும் கிளையின் மேல் நேராக அடிக்கக் கூடாது. ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் நாசில் அடைக்காது. ஃபாகரில் காய்ச்சி வடித்த நீர்தான், அதன் தொட்டியை வாரம் ஒரு முறை வினிகரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அழுக்குத் தண்ணீரை மூட்டமாக்கினால் கிருமி நேராக நுரையீரலுக்குப் போகும்.

மின்சாரமும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். பிளக் பாயின்ட்டுக்கு வரும் ஒவ்வொரு ஒயரும் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலே ஏற வேண்டும், ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். எர்த் லீக்கேஜ் பிரேக்கர் உள்ள இணைப்பிலிருந்து எடுங்கள்.

படி 8: பெண்ணாக இருந்தால் முட்டைத் தொட்டி

பின்னங்கால் குதியில் ஒரு சின்ன முள் துருத்திக்கொண்டிருந்தால் ஆண், பொரித்த நாளிலிருந்தே அது தெரியும். இல்லாவிட்டால் பெண். பெண் யேமன் பச்சோந்தி ஆணைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் முட்டையிடும், ஐந்தாறு மாத வயதிலேயே தொடங்கலாம். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும், அதுவே உயிரைக் குடித்துவிடும்.

எனவே பெண்ணின் கூண்டில் நிரந்தரமாக ஒரு தொட்டி இருக்கட்டும், 30 செ.மீ. நீளம், அகலம், ஆழம். அதில் கழுவிய மணலை நிரப்பி, நனைத்து, விரலால் ஒரு சுரங்கம் தோண்டினால் இடியாமல் நிற்கும் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். அது கீழே இறங்கி அங்குமிங்கும் அலைந்து மணலைச் சுரண்டத் தொடங்கினால் கூண்டின் கீழ்ப்பாதியைத் துணியால் மூடிவிடுங்கள். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் தோண்டுவதைப் பாதியில் விட்டுவிடும். மேலே சொன்ன 27 டிகிரிக்குக் காரணமும் இதுதான். சூடும் தீனியும் அதிகமானால் ஒரே ஈட்டில் நிறைய முட்டைகள் வைத்துத் தன் உடம்பைக் கரைத்துக்கொள்ளும். குளிர்ச்சியாகவும் அளவான தீனியோடும் வைத்தால் முட்டை எண்ணிக்கை குறையும், ஆயுளும் நீளும்.

படி 9: தீனிக்கு ஒரு இடம்

தீனியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கூண்டு சம்பந்தப்பட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன். சுவர்க்கோழிகளை உள்ளே அள்ளிவிடாதீர்கள். தின்னாமல் விட்டவை இரவில் தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். வழவழப்பான உயரமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை, உள்ளே பூச்சிகள் ஏறிவர ஒரு பக்கம் மட்டும் வலை ஒட்டி, ஒரு கிளைக்கு 20-30 செ.மீ. தள்ளிக் கட்டுங்கள். நாக்கை நீட்டிப் பிடிக்க அந்த இடைவெளி வேண்டும். பட்டுப்புழு, டூபியா கரப்பான் எல்லாவற்றையும் இதிலேயே போடலாம். பூச்சிகளின் மேல் கால்சியம் பொடி தூவ மறக்க வேண்டாம்.

படி 10: ஒரு வார ஓட்டம், அப்புறம் வரவேற்பு

எல்லாம் பொருத்தியதும் காலிக் கூண்டை ஒரு வாரம் முழு அட்டவணையில் ஓட்டுங்கள். வெயில் காயும் இடத்தில், நடுவில், அடியில் என மூன்று இடங்களில் சூட்டையும் ஈரத்தையும் காலை, மதியம், விளக்கு அணைந்த பின், விடியலுக்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டும் டயல் மீட்டர்கள் நம்பிக்கைக்குரியவை அல்ல, கம்பிமுனை உள்ள டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த இலை மதியத்துக்குள் காயவில்லை, டைமர் நேரம் தவறுகிறதா என்பதெல்லாம் இந்த வாரத்தில் தெரிந்துவிடும். மதியத்துக்குள் கூண்டு காயவில்லை என்றால் தூறலைக் குறைக்க வேண்டும், அல்லது காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

பச்சோந்தி வந்த முதல் வாரம் கையில் எடுக்காதீர்கள். காலையில் விடுங்கள், இருட்டுமுன் இடங்களைக் கற்றுக்கொள்ளும். தீனி, தண்ணீர் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நிறத்தைப் பாருங்கள்: காலையில் சூடேறும்வரை கறுத்திருப்பது இயல்பு, மதியமும் கறுத்தே இருந்தால் மறைவு போதவில்லை, அல்லது எதையோ பார்த்துப் பயப்படுகிறது. அந்த இடத்தில் கூண்டின் பக்கத்தை மூடிப் பாருங்கள், இன்னும் செடி சேருங்கள். நாள் முழுக்க விளக்கடியிலேயே நின்றால் மற்ற இடங்கள் குளிராக இருக்கின்றன. விளக்கை விட்டுக் கீழேயே கிடந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எச்சத்தோடு வரும் கெட்டியான பகுதி வெள்ளையாக இருக்க வேண்டும், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் இருக்கலாம். முழுக்க ஆரஞ்சாக இருந்தால் நீர்ச்சத்து குறைவு. பகலில் கண் மூடியிருப்பது, கண் குழி விழுந்திருப்பது, மூச்சில் சத்தம், பிடி தளர்வது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கூண்டைத் திருத்திக்கொண்டிருக்காமல் ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு போங்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறார் என்பதைப் பச்சோந்தி வாங்கும் முன்பே விசாரித்து, எண்ணைக் குறித்து வைத்திருங்கள். போகும்போது நீங்கள் குறித்த அந்த சூடு, ஈர அளவுகளையும் விளக்குகளின் பெயர்களையும் கூண்டின் இரண்டு மூன்று படங்களையும் கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.